அளவும் திசையும்



நாம் அளந்து கூறுபவை இரு வகைப்படும். சிலவற்றை எவ்வளவு என்று சொல்லிவிட்டால் போதும். கேட்பவருக்கு முழுச் செய்தியும் கிடைத்துவிடும். கடையில் 5 கிலோ அரிசி கேட்கிறோம். கடைக்காரர், "எந்தத் திசையில் 5 கிலோ?" என்று கேட்பதில்லை. வேறு சில அளவுகளோ இவ்வளவு என்று சொன்ன மாத்திரத்தில் நிறைவு பெறுவதில்லை. மேசையைச் சற்றுத் தள்ளுங்கள் என்று ஒருவரிடம் சொன்னால், அவர் உடனே, "எந்தப் பக்கம் தள்ள?" என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் வரை அவர் கை அசையாது. இவ்விரு வகை அளவுகளின் வேறுபாட்டையே இன்று சிறிது ஆராய்வோம்.

இது பௌதிக நூல்களின் தொடக்க அதிகாரங்களில் வரும் பாடம். பெங்களூரின் ரிச்சர்ட்ஸ் டவுனிலும், அதை அடுத்த பிரேசர் டவுன், குக் டவுன், காக்ஸ் டவுன் முதலிய பகுதிகளிலும் பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. 1809ஆம் ஆண்டு அங்கே ராணுவத் தண்டு அமைந்த காலந்தொட்டு வந்தோரின் வழியினரும் உண்டு. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து தண்டு நிலையம் வரை இருப்புப் பாதை வந்த பின்னர்க் குடியேறியோரின் வழியினரும் உண்டு. அண்மையில் தொழில் நாடி வந்தோரும் உண்டு. இவ்வீடுகளில் பிள்ளை ஆங்கிலத்தில் பௌதிகம் படிக்கிறது. தெருவில் கன்னடம் பேசுகிறது. அம்மாவிடமும் பாட்டியிடமும் தமிழ் பேசுகிறது. புத்தகத்தில் உள்ள பாடம் தமக்கு எட்டாதது என்று எண்ணிப் பெற்றோர் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். இந்தப் பாடத்தைப் பொறுத்தவரை அவ்வாறு ஒதுங்க வேண்டியதே இல்லை. இதன் வேர் நாள்தோறும் நாம் பேசும் பேச்சிலேயே இருக்கிறது.

முதலில் பெயர்களைத் தெரிந்துகொள்வோம். திசை வேண்டாத அளவை ஸ்கேலர் என்றும், திசையோடு கூடிய அளவை வெக்டர் என்றும் ஆங்கிலத்தில் வழங்குவர். தமிழில் முன்னதைத் திசையிலி என்றும் பின்னதைத் திசையன் என்றும் சொல்லலாம். இலங்கைத் தமிழ் மாணவர் எண்ணி, காவி என்ற சொற்களால் படிக்கின்றனர். கன்னடப் பள்ளியில் பயிலும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேட்டால் அதிச, சதிச என்று சொல்லும். அதிச என்றால் திசை அற்றது. சதிச என்றால் திசையுடன் கூடியது. ஆக, இரு மொழிகளும் திசை என்ற ஒரே சொல்லைக் கொண்டே இக்கருத்தைக் கட்டியிருக்கின்றன.

பொருளின் நிறை, காலம், வெப்பநிலை, கன அளவு, நடந்த தொலைவு, ஓடும் வேகம், செலவான ஆற்றல் ஆகியவை திசையிலிகள். இடப்பெயர்ச்சி, திசைவேகம், முடுக்கம், விசை, உந்தம், எடை ஆகியவை திசையன்கள். இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வதால் பெரும் பயன் இல்லை. ஒவ்வொன்றும் ஏன் அந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று அறிவதே முக்கியம்.

தொலைவையும் இடப்பெயர்ச்சியையும் எடுத்துக்கொள்வோம். ரிச்சர்ட்ஸ் பூங்காவின் வாயிலில் புறப்பட்டு, ஒருவர் பூங்காவை ஒரு முறை சுற்றி வந்து, புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறார் என்று கொள்வோம். அவர் நடந்த தொலைவு சில நூறு மீட்டர். கால் வலித்தது உண்மை. செருப்புத் தேய்ந்ததும் உண்மை. ஆனால் அவருடைய இடப்பெயர்ச்சி சுழி. ஏனெனில், தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடம் வரை வரையும் நேர்கோடே இடப்பெயர்ச்சி. இங்கே இரண்டு இடங்களும் ஒன்றே.

அதே வாயிலிலிருந்து இருவர் புறப்பட்டு, ஆளுக்கு 500 மீட்டர் நடக்கின்றனர். ஒருவர் பிரேசர் டவுன் பக்கமாகப் போகிறார்; மற்றவர் குக் டவுன் பக்கமாகப் போகிறார். நடந்த தொலைவு இருவருக்கும் சமம். சேர்ந்த இடம் வெவ்வேறு. "பூங்காவிலிருந்து 500 மீட்டரில் என் வீடு" என்று மட்டும் எழுதி ஒருவருக்கு முகவரி கொடுத்தால், அவர் பூங்காவைச் சுற்றி 500 மீட்டர் ஆரமுள்ள பெரிய வட்டம் முழுவதும் தேட வேண்டியிருக்கும். திசையைச் சேர்த்தால்தான் வட்டம் ஒரு புள்ளியாகச் சுருங்குகிறது.

இன்னுமொன்று. ஒருவர் 300 மீட்டர் கிழக்கே நடந்து, தெருமுனையில் செங்கோணமாகத் திரும்பி, 400 மீட்டர் வடக்கே நடக்கிறார். நடந்த தொலைவு 700 மீட்டர். ஆனால் புறப்பட்ட இடத்திலிருந்து அவர் நிற்கும் இடம் நேர்கோட்டில் 500 மீட்டரே. திசை வடகிழக்கு, அதிலும் வடக்கை ஒட்டியது. செங்கோண முக்கோணத்தின் பக்கங்களைப் பற்றிப் பள்ளியில் படித்த கணக்கு இங்கே உதவுகிறது. முந்நூறும் நானூறும் சேர்ந்து எழுநூறு ஆவது திசையிலிக் கணக்கு. அவை ஐந்நூறு ஆவது திசையன் கணக்கு. இரண்டும் சரியே. எந்தக் கேள்விக்கு எந்தக் கணக்கு என்பதை அறிவதுதான் பௌதிகம்.

ஊருக்குப் போய்வரும் பிரயாணத்தையே பாருங்கள். பெங்களூரிலிருந்து சென்னைக்கு ரயில் வண்டி நேராகச் செல்வதில்லை. முதலில் தென்கிழக்காக ஜோலார்பேட்டை வரை இறங்கி, பின்னர் வடகிழக்காகத் திரும்பிக் காட்பாடி, அரக்கோணம் வழியே போகிறது. இருப்புப் பாதையின் நீளம் 360 கிலோமீட்டர் அளவு. நேர்கோட்டில் இரு நகர்களுக்கும் இடையே உள்ள இடைவெளி சுமார் 290 கிலோமீட்டரே. ரயில்வேயார் கட்டணம் வாங்குவது ஓடிய தொலைவுக்கு, இடப்பெயர்ச்சிக்கு அல்ல. பொங்கலுக்குச் சென்று மீண்டு வந்தால் ஓடிய தொலைவு 720 கிலோமீட்டர் ஆகிவிடும்; இடப்பெயர்ச்சியோ சுழி.

வேகத்துக்கும் திசைவேகத்துக்கும் உள்ள வேறுபாடும் இத்தகையதே. வண்டியில் உள்ள வேகமானியின் முள் 40 என்று காட்டினால், அது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம். வண்டி எப்பக்கம் போகிறது என்பதை அந்த முள் அறியாது. இப்போது வண்டி அதே 40இல் ஒரு வளைவில் திரும்புகிறது. முள் அசையவில்லை, ஆகவே வேகம் மாறவில்லை. ஆனால் திசை மாறியதால் திசைவேகம் மாறிவிட்டது. திசைவேகம் மாறினால் முடுக்கம் உண்டு. முடுக்கம் உண்டென்றால் விசை உண்டு. பேருந்தில் நிற்பவர் வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கம்பியைப் பற்றுவது இதனால்தான். முள் காட்டாத மாற்றத்தை அவருடைய உடல் உணர்ந்துவிடுகிறது.

இனித் திசையன்களைக் கூட்டும் முறைக்கு வருவோம். இதற்குத் தேர்த் திருவிழாவைவிட நல்ல பாடசாலை வேறில்லை. தேருக்கு இரண்டு வடங்கள். ஒவ்வொரு வடத்தையும் ஒரு கூட்டம் ஆயிரம் பங்கு விசையோடு இழுக்கிறது எனக் கொள்வோம். இரு வடங்களும் ஒன்றுக்கொன்று இணையாக முன்னோக்கி நீண்டிருந்தால், தேர் பெறும் விசை இரண்டாயிரம் பங்கு. இரு கூட்டத்தாரும் விலகி, வடங்களுக்கிடையே ஒரு செங்கோணம் உண்டாகும்படி நின்றால், கிடைப்பது ஏறத்தாழ 1,414 பங்குதான். இடைக்கோணம் 120 பாகையாக விரிந்தால் ஆயிரம் பங்கே மிஞ்சும். இரு கூட்டத்தாரின் உழைப்பும் ஒரு கூட்டத்தாரின் பயனைத்தான் தரும். நேர் எதிரெதிராக இழுத்தால் தேர் அசையாது. மக்களின் வலிமை நான்கு வகையிலும் ஒன்றே. திசை ஒன்றே மாறியது. வடம் பிடிப்பவர்களை விலகாமல் நெருங்கி நேராக இழுக்கச் சொல்லி முன்னே நின்று குரல் கொடுக்கும் பெரியவர் பௌதிகம் படித்திராமல் இருக்கலாம். அவர் சொல்வது திசையன் கூட்டல் விதிதான். தேர் தெருமுனையில் திரும்பும்போது சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுப்பவரும் விசையின் திசையைக் கையாள்பவரே.

ஒகேனக்கல்லில் காவிரியைப் பரிசலில் கடந்தவர்களுக்கு மற்றொரு உதாரணம் தெரிந்திருக்கும். ஆறு 200 மீட்டர் அகலம். நீரோட்டம் மணிக்கு 3 கிலோமீட்டர். பரிசல்காரர் துடுப்புப் போடும் வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். எதிர்க்கரையை நேராக நோக்கி அவர் துடுப்புப் போட்டால் 3 நிமிடத்தில் அக்கரை சேர்வார். ஆனால் அந்த 3 நிமிடத்தில் நீரோட்டம் பரிசலை 150 மீட்டர் கீழே தள்ளியிருக்கும். பரிசல் உண்மையில் சென்ற வழி 250 மீட்டர் நீளமுள்ள சாய்கோடு. அதன் உண்மை வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர். ஏழும் அன்று, ஒன்றும் அன்று, ஐந்து. நேர் எதிரே உள்ள துறையில் சேர வேண்டுமானால் அவர் பரிசலின் முகத்தை மேல்நோக்கி, நீரோட்டத்துக்கு எதிராகச் சாய்த்துச் செலுத்த வேண்டும். அப்போது கரை சேர நாலரை நிமிடம் ஆகும்; ஆனால் நினைத்த துறையில் சேர்வார். காலத்தைச் சிறிது கொடுத்துத் திசையை வாங்கிக்கொள்கிறார்.

இங்கே மாணவர்களுக்கு வழக்கமாக எழும் சில ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். குளிர் நாடுகளில் வெப்பநிலை சுழிக்குக் கீழே 5 பாகை என்று சொல்கிறோமே, கீழே என்பது திசை அல்லவா என்று சிலர் கேட்பர். அன்று. அந்தக் கீழே என்பது அளவுகோலில் எண் நிற்கும் இடத்தைக் குறிப்பது; அறையில் எந்தப் பக்கத்தையும் அது சுட்டுவதில்லை. கழித்தல் குறி வந்த இடமெல்லாம் திசை வந்துவிட்டதாகக் கொள்ளலாகாது.

மின்னோட்டம் கம்பியில் ஒரு பக்கமாகத்தானே ஓடுகிறது, அது திசையன் ஆகாதா என்பது மற்றோர் ஐயம். கேள்வி நல்ல கேள்வி. இரண்டு கம்பிகள் ஒரு சந்தியில் சேர்கின்றன. ஒன்றில் 3 ஆம்பியர், மற்றொன்றில் 4 ஆம்பியர் வருகின்றன. சந்தியிலிருந்து வெளியேறும் மூன்றாவது கம்பியில் 7 ஆம்பியர் ஓடும். கம்பிகள் செங்கோணத்தில் சேர்ந்தாலும் சரி, வேறெக்கோணத்தில் சேர்ந்தாலும் சரி, விடை ஏழுதான், ஐந்து ஆவதில்லை. ஆகவே மின்னோட்டம் திசையிலி. திசை இருப்பது மட்டும் ஓர் அளவைத் திசையன் ஆக்கிவிடாது. பரிசலைப் போலவும் தேர் வடத்தைப் போலவும் திசை பார்த்துக் கூடினால்தான் அது திசையன் ஆகும். இந்தக் கட்டளைக்கல்லைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டால் அவர்கள் பட்டியலை நம்பியிருக்க வேண்டியதில்லை.

நிறையும் எடையும் மூன்றாவது ஐயம். கடை வழக்கில் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறோம். பௌதிகத்தில் நிறை என்பது பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு, அது திசையிலி. எடை என்பது புவி அந்தப் பொருளைத் தன் மையத்தை நோக்கி இழுக்கும் விசை. அது கீழ்நோக்கிய திசையன். சந்திரனுக்குக் கொண்டுசென்றால் நிறை மாறாது. எடை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

சந்திரனைக் குறிப்பிட்டுவிட்டோம். இப்பாடத்தின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் நிகழ்ச்சி அங்கேதான் நடந்தது; அதை நடத்தியவர்கள் பெங்களூரில் இருந்தனர். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து மேற்கே, சற்று வடக்கு ஒட்டி, சுமார் 12 கிலோமீட்டரில் பீனியா இருக்கிறது. பீனியா எங்கே என்று சொல்வதற்கே நமக்கு ஒரு திசையன் தேவைப்படுவதைக் கவனியுங்கள். அங்குள்ள இஸ்ரோவின் கட்டுப்பாட்டு மையத்திலிருந்தே சந்திரயான் கலங்களின் பயணம் கண்காணிக்கப்பட்டது.

சந்திரனில் இறங்க வேண்டிய கலத்துக்கு இருக்கும் இடர்ப்பாட்டை முதலில் உணர்வோம். இறங்கத் தொடங்கும்போது கலம் சந்திரனின் தரைக்கு மேலே சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் வேகம் வினாடிக்கு 1.68 கிலோமீட்டர், மணிக்கு ஆறாயிரம் கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். இந்த வேகம் ஏறக்குறைய முழுவதும் தரைக்கு இணையான கிடைத்திசையில் உள்ளது. இறங்குவது கீழ்நோக்கி, ஓடுவதோ பக்கவாட்டில். பக்கவாட்டு ஓட்டத்தை முற்றும் அடக்க வேண்டும். அதே நேரத்தில் கீழ்நோக்கிய வீழ்ச்சியையும் மிதமாக்க வேண்டும். புவியில் உள்ளதுபோல அங்கே காற்று இல்லை. ஆகவே பாராசூட் உதவாது. எஞ்சின்களின் விசை ஒன்றே துணை. அந்த விசையின் அளவு எவ்வளவு முக்கியமோ, அதன் திசையும் அவ்வளவு முக்கியம்.

2019ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் சந்திரயான்-2இன் விக்ரம் கலம் இறங்க முயன்றது. முதற்கட்டத்தில் 30 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 7.4 கிலோமீட்டர் வரை எல்லாம் முறையாகவே நடந்தது. வேகம் வினாடிக்கு 1,683 மீட்டரிலிருந்து 146 மீட்டராகக் குறைந்தது. அடுத்த கட்டத்தில் வேகம் வகுக்கப்பட்ட அளவைவிட மிகுதியாகக் குறைந்துவிட்டது. அதனால் அதற்கடுத்த கட்டம் எந்த நிலையில் தொடங்க வேண்டுமோ அந்த நிலையில் தொடங்கவில்லை. கலம் குறித்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள் தரையில் மோதியது. 2019 நவம்பரில் நாடாளுமன்றத்தில் அரசு அளித்த விளக்கம் இது.

வேகம் குறைந்தால் நல்லதுதானே என்று தோன்றும். திசையிலியாக மட்டும் எண்ணினால் அப்படித்தான் தோன்றும். அப்போது இஸ்ரோவின் தலைவராக இருந்த எஸ். சோமநாத் 2023 ஜூலையில் இதை மேலும் விளக்கினார். எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிட அதிக விசை தந்தன. கலம் நிழற்படம் எடுப்பதற்காக ஒரே நிலையில் நிற்க வேண்டியிருந்த நேரத்தில் பிழைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்தன. பின்னர் அவற்றைத் திருத்தக் கலம் மிக விரைவாகத் திரும்ப வேண்டியிருந்தது. ஆனால் அது திரும்பும் வேகத்துக்கு மென்பொருளில் ஒரு வரம்பு இருந்தது. குறித்த இடமோ 500 மீட்டர் நீள அகலம் கொண்ட சிறு பரப்பு. அங்கே சேர வேண்டி வேகத்தைக் கூட்ட வேண்டிய நிலையும், இறங்க வேண்டி வேகத்தைக் குறைக்க வேண்டிய நிலையும் ஒரே நேரத்தில் மோதின. சுருங்கச் சொன்னால், விசை இருந்தது. அது வேண்டிய நேரத்தில் வேண்டிய பக்கம் நோக்கி இல்லை.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 2023 ஜூலை 14ஆம் நாள் சந்திரயான்-3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. இதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த பி. வீரமுத்துவேல். ஐந்து எஞ்சின்கள் நான்காயின. இறங்கும் பரப்பு 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமுமாக விரிக்கப்பட்டது. வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தரை தொடுவதைத் தாங்கும்படி இருந்த கால்கள் 3 மீட்டர் வேகத்தையும் தாங்கும்படி வலுப்படுத்தப்பட்டன. இவற்றோடு புதிய கருவி ஒன்றும் சேர்க்கப்பட்டது. லேசர் ஒளிக்கற்றைகளைத் தரையில் வீசி, கலத்தின் திசைவேகத்தை நேரடியாக அளக்கும் கருவி அது. முன்பின், இடவலம், மேல்கீழ் ஆகிய மூன்று திசைகளிலும் தனித்தனியே வேகம் என்ன என்பதைச் சொல்லவல்லது. வண்டியின் வேகமானி முள்ளுக்குத் தெரியாத செய்தி இந்தக் கருவிக்குத் தெரியும் என்று கொள்ளுங்கள்.

ஆகஸ்டு 23ஆம் நாள் மாலை 5.45 மணி அளவில் இறக்கம் தொடங்கியது. வகுத்த திட்டப்படி முதற்கட்டம் 690 வினாடி. அதன் முடிவில் கலம் 7.4 கிலோமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். கிடைத்திசை வேகம் வினாடிக்கு 358 மீட்டரும், கீழ்நோக்கிய வேகம் வினாடிக்கு 61 மீட்டருமாக இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இங்கே ஒரு கணக்குக் கொடுக்கலாம். அந்நேரத்தில் கலத்தின் மொத்த வேகம் என்ன? 358ஐயும் 61ஐயும் கூட்டி 419 என்று எழுதினால் தவறு. இரு திசைகளும் செங்கோணத்தில் இருப்பதால், பூங்கா அருகே தெருமுனையில் திரும்பிய நம் நண்பரின் கணக்கே இங்கும் பொருந்தும். 358இன் வர்க்கத்தோடு 61இன் வர்க்கத்தைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 363 வருகிறது. கலம் செல்லும் வழி கிடைக்கோட்டுக்குக் கீழே சுமார் 10 பாகை சாய்ந்திருக்கும்.

இன்னொரு கணக்கு. அந்த 690 வினாடியில் கிடைத்திசையில் கலம் எவ்வளவு கடந்திருக்கும்? தொடக்க வேகம் 1,680, இறுதி வேகம் 358, சராசரி 1,019. இதை 690ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 700 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சாலை வழி செல்லும் தொலைவு அது. அதே காலத்தில் அது இறங்கிய உயரமோ 22.6 கிலோமீட்டர் மட்டுமே.

முதற்கட்டத்தில் கலம் ஏறத்தாழப் படுத்த நிலையில், எஞ்சின்களின் வாய் பயணத்தின் முன்பக்கத்தை நோக்கும்படி இருக்கிறது. எஞ்சின் முன்னோக்கி வாயுவை உமிழ, கலம் பின்னோக்கித் தள்ளப்படுகிறது, ஓட்டம் தணிகிறது. பின்னர்க் கலம் சிறிது சிறிதாக நிமிர்கிறது. நிமிர நிமிர, அதே விசையில் ஒரு பங்கு ஓட்டத்தை அடக்கவும், ஒரு பங்கு எடையைத் தாங்கவும் பகிர்ந்து கொடுக்கப்படுகிறது. இறுதியில் முற்றும் நிமிர்ந்து, முழு விசையும் மேல்நோக்கியதாகி, கலம் தரைக்கு மேலே நின்று இடம் பார்த்துப் பின்பு மெதுவாக இறங்குகிறது. தரை தொடும் போது பக்கவாட்டு வேகம் மிகுந்திருந்தால், கீழ்நோக்கிய வேகம் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் கலம் கவிழ்ந்துவிடும். மாலை 6.04 மணிக்கு அது கவிழாமல் தரை தொட்டது. சந்திரனின் தென்துருவத்தை ஒட்டிய பகுதியில் மெல்லத் தரையிறங்கிய முதற்கலம் என்ற பெயரையும் பெற்றது. இந்த முயற்சிக்குச் சோதனை மண்ணாக உதவியது நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியின் பாறைத்தூள் என்பதும் நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

நான்கு நாள் முன்னதாக, ஆகஸ்டு 19இல், ரஷ்யாவின் லூனா-25 சந்திரனில் மோதி அழிந்தது. சுற்றுப்பாதையைத் திருத்துவதற்கு 84 வினாடி இயங்க வேண்டிய எஞ்சின் 127 வினாடி இயங்கிவிட்டது என்று அந்நாட்டு விண்வெளித் துறையார் அறிவித்தனர். அங்கே பிழைத்தது அளவு. 2019இல் நமக்கு அளவிலும் பிழை நேர்ந்தது. அதைத் திருத்த வேண்டிய வேளையில் திசையும் ஒத்துழைக்கவில்லை. திசையன் என்பதற்கு இரண்டு உறுப்புகள். எந்த ஒன்று பிழைத்தாலும் முழுதும் பிழைத்ததாகும்.

இச்சொற்களின் பிறப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அயர்லாந்து நாட்டுக் கணித அறிஞர் வில்லியம் ரோவான் ஹாமில்டன் 1840களில் ஸ்கேலர், வெக்டர் என்னும் பெயர்களை இப்பொருளில் வழங்கினார். பின்னர் அமெரிக்காவில் கிப்ஸும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் இன்று பாடநூல்களில் காணும் முறையை வகுத்தனர். வெக்டர் என்பது லத்தீன் மொழியில் சுமந்து செல்வது என்று பொருள்படும். ஒரு புள்ளியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சுமந்து செல்வதால் அப்பெயர். இலங்கைத் தமிழறிஞர் அதைக் காவி என்று பெயர்த்தது எண்ணி மகிழத்தக்கது. காவுதல் என்றால் தோளில் சுமத்தல். காவடி என்ற சொல்லிலும் அதைக் காண்கிறோம். காவடி எடுப்பவரும் சுமையோடு ஒரு திசை நோக்கி நடப்பவரே அல்லவா?

பெற்றோர்களுக்கு ஒரு யோசனை கூறி முடிக்கிறேன். பிள்ளை பாடநூலை எடுத்துக்கொண்டு அருகில் வந்தால், ஆங்கிலப் பெயர்களைக் கண்டு தயங்க வேண்டாம். மூன்று கேள்விகளைத் தமிழிலேயே கேளுங்கள். முதலாவது, எவ்வளவு? இரண்டாவது, எந்தப் பக்கம்? மூன்றாவது, இதைப் போன்ற இரண்டைச் சேர்த்தால் வெறும் எண்ணாகக் கூடுமா, திசை பார்த்துக் கூடுமா? முதற்கேள்வியோடு நிற்பது திசையிலி. மூன்றுக்கும் விடை வேண்டுவது திசையன். இரண்டாம் கேள்விக்கு விடை இருந்தும், மூன்றாம் கேள்வியில் வெறும் எண்ணாகவே கூடினால், மின்னோட்டத்தைப் போல அதுவும் திசையிலியே. பிறகு ஒரு காகிதத்தில் அம்புக்குறி வரையச் சொல்லுங்கள். அம்பின் நீளம் அளவைக் காட்டட்டும். அதன் முனை திசையைக் காட்டட்டும். ஓர் அம்பின் முனையிலிருந்து அடுத்த அம்பைத் தொடங்கினால், முதல் அம்பின் தொடக்கத்திலிருந்து இறுதி முனை வரை வரையும் கோடே விடை. மாலையில் பூங்காவுக்குப் போகும்போது வழியிலேயே இதை நடந்து பார்த்துவிடலாம்.

சொல் எம்மொழியில் இருந்தாலும் கருத்து பிள்ளைக்குச் சொந்தமாக வேண்டும். பரிசல்காரரும் வடம் பிடிப்பவரும் கையால் அறிந்த உண்மையைத்தான் பீனியாவில் இருந்தவர்கள் கணக்கால் அறிந்து கலத்தைத் தரை சேர்த்தார்கள். அந்தக் கணக்கின் முதற்படி உங்கள் வீட்டுப் பிள்ளையின் புத்தகத்தில் இருக்கிறது. அதைச் சேர்ந்து புரட்டுங்கள்.